பிரின்செசினென்கார்ட்டன்

பிரின்செசினென்கார்ட்டன் என்பது ஜெர்மனியின் பெர்லின் நகரில், மோரிட்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தை ஒட்டி 2009 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நகர்ப்புறத் தோட்டமாகும். பெயரின் பொருள் ‘இளவரசிகள் தோட்டம்’. பெயரில்தான் இளவரசிகள் உண்டு. தோட்டம் எழுந்தது குப்பை குவிந்த பாழ்மனையில்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தரிசாகக் கிடந்த இந்நிலத்தின் பரப்பு சுமார் 6,000 சதுர மீட்டர். ராபர்ட் ஷா, மார்கோ கிளவுசென் இருவரும் ‘நாடோடிப் பசுமை’ எனப் பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பை நிறுவி, அக்கம்பக்கத்தாரின் உதவியுடன் குப்பையை அகற்றினர். கியூபாவில் ஷா கண்ட நகர வேளாண்மையே இம்முயற்சிக்குத் தூண்டுதல்.

நிலம் குறுகிய காலக் குத்தகையில்தான் கிடைத்தது. மேலும், பழைய நகர மனைகளின் மண்ணில் இடிபாடும் நச்சுப்பொருள்களும் கலந்திருக்கலாம். எனவே எந்தக் காய்கறியும் தரையில் நடப்படவில்லை. பேக்கரிகளில் ரொட்டி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் கீரையும் காய்கறியும், அரிசிச் சாக்குகளில் உருளைக்கிழங்கும், பால், பழச்சாறு அட்டைப்பெட்டிகளில் நாற்றுகளும் வளர்ந்தன. பழைய சரக்குக் கொள்கலன்கள் சமையலறையாகவும் சிற்றுண்டிச்சாலையாகவும் மாறின.

இத்தேர்வில் நல்ல நடைமுறை அறிவு இருக்கிறது. இப்பெட்டிகளும் சாக்குகளும் முன்பே உணவைத் தாங்கியவை. பழைய பொருள் எல்லாமே இப்படிப் பாதுகாப்பானவை அல்ல. இரும்புத் துரு செடியைக் கெடுப்பதில்லை. தொட்டியின் ஆயுளைத்தான் குறைக்கும். ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ரயில் தண்டவாளத்தின் மரக்கட்டைகளில் கிரியோசோட் என்னும் நச்சு எண்ணெய் ஊறியிருக்கும். ரசாயனம் இருந்த பீப்பாயை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. இவற்றில் பூச்செடி வைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெயிலில் காய்ந்து நொறுங்கத் தொடங்கிய பிளாஸ்டிக்கையும் மாற்றிவிட வேண்டும்.

2012 இல் நிலம் தனியாருக்கு விற்கப்படும் நிலை வந்தது. எதிர்ப்பு மனுவில் 30,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டதால் விற்பனை கைவிடப்பட்டது. 2019 இறுதியில் தோட்டத்தை நடத்திய அமைப்பு நொய்க்கோல்ன் பகுதியிலுள்ள பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றுக்கு இடம்பெயர்ந்தது. வேறொரு குழுவினர் மோரிட்ஸ்பிளாட்சிலேயே தங்கித் தோட்டத்தைத் தொடர்ந்தனர்.