வைக்கோற்போர்த் தீயும் தீக்குறிப்பேடும்

சம்பா அறுவடை முடிந்ததும் காஞ்சீபுரத்தைச் சூழ்ந்த ஏரிப்பாசன கிராமங்களில் களந்தோறும் வைக்கோற்போர்கள் எழும்புகின்றன. கோடை முழுவதும் மாடுகளுக்கு அவையே ஆதாரம். பங்குனி, சித்திரை வெயிலில் அவை முறுகக் காய்ந்திருக்கும்போது ஒரு பொறி பட்டாலும் ஒரு வருஷத்துத் தீவனம் சாம்பலாகும். நெசவும் பயிர்த்தொழிலும் ஒருங்கே நடைபெறும் ஊர்களிலோ அபாயம் இன்னும் அதிகம். புழக்கடைப் போரில் பற்றிய தீ காற்றுவாக்கில் கூரையை அடைந்தால், தறியும் பாவும் பட்டும் சரிகையும் உடன் அழியும்.

தீ அணைந்தவுடன் ஊரார் கேட்பது, வைத்தவர் யார் என்பதே. தீ எவ்வாறு உண்டாயிற்று என்பதை விசாரிப்பவர் சிலரே. வரப்புத் தகராறிலோ மடைத் தகராறிலோ மாறுபட்ட ஒருவர்மீது பழி விழுகிறது. பழி பொய்யாயின் நிரபராதி வருந்துகிறான். மெய்யாயினும், தக்க அத்தாட்சியின்மையால் குற்றவாளி தப்பிவிடுகிறான். ஆதலின் ஒவ்வொரு சம்பவத்தையும் உடனுக்குடன் எழுதிவைத்தல் இன்றியமையாதது.

தீப்பற்றுவதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் நான்காகும்.

1. புழுக்கம்: ஈரத்துடன் போரிட்டால் நுண்ணுயிர்கள் பெருகி உள்ளே சூடு உண்டாகிறது. ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்படலாகாது. இத்தீ பெரும்பாலும் போரிட்ட ஆறு வாரங்களுக்குள் நடுவிலிருந்து கிளம்பும். அதற்கு முன்னரே ஆவியும் கருகிய நாற்றமும் தோன்றும்.

2. மின்கம்பி: தாழத் தொங்கும் கம்பிகள் காற்றில் உராய்ந்து பொறி சிந்துதல்.

3. அஜாக்கிரதை: அணையாத பீடி, அடுப்புச் சாம்பல், தாள் கொளுத்துதல், வாணவெடி.

4. விரோதம்: வேண்டுமென்றே தீயிடுதல்.

குறிப்பேட்டில் எழுதவேண்டியவை: தேதி, மணி, காற்றின் திசை, போரிட்ட நாளும் அன்றைய ஈரநிலையும், சுவாலை முதலில் தோன்றிய இடம், அதாவது உச்சியா, அடியா, நடுவா என்பது, முதலில் கண்டவர், பாதை, அடுப்பு, மின்கம்பி ஆகியவற்றிற்கும் போருக்கும் உள்ள தூரம், மண்ணெண்ணெய் வாசனை, எரிந்த துணி முதலிய அடையாளங்கள், நஷ்டத்தின் மதிப்பு. கண்டதை மட்டுமே எழுதவேண்டும். சந்தேகத்தையும் வதந்தியையும் எழுதலாகாது. அவற்றை விசாரிப்பது போலீசாரின் கடமை. அவர்கள் வந்து பார்க்கும்வரை சாம்பலைக் கிளறாமலும் மிதிக்காமலும் காத்தல் வேண்டும்.

ஒரு சம்பவத்தால் விளங்காதது பல சம்பவங்களை ஒப்பிடுங்கால் விளங்கும். கிராமப் படத்தில் ஒவ்வொரு தீயையும் புள்ளியிட்டுக் காட்டுக. புள்ளிகள் கம்பி வரிசையில் அமைந்தால் மின்வாரியத்தாரிடம் முறையிடவேண்டும். புதுப் போர்களே எரிந்திருந்தால் நன்கு உலர்த்திப் போரிடவேண்டும். பாதையோரமாயின் போர்களை இடம் மாற்றலாம். நள்ளிரவில், காரணம் ஒன்றுமின்றி, ஒரே பகுதியில் பலமுறை நேர்ந்திருந்தால் காவல் வைப்பதுடன், அங்கு நிலவும் மனத்தாங்கலையும் தீர்க்க முயலவேண்டும்.

மனத்தாங்கலைத் தீர்த்தல் சிறு காரியமன்று. 1968 டிசம்பர் 25 அன்று தஞ்சைக் கீழ்ப்பகுதியிலுள்ள கீழ்வெண்மணியில், கூலித் தகராறு முற்றி வைக்கப்பட்ட தீயில் குடிசையொன்றுக்குள் 44 பேர் மாண்டனர். விசாரணை நீதிமன்றத்தில் தண்டனை பெற்றோரை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. எனினும் அப்பகுதியின் தொழிலாளர் நிலையை ஆராய அரசு கணபதியா பிள்ளை கமிஷனை நியமித்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டமும் பிறந்தது. காரணத்தை ஆராய்வது தண்டனைக்கு மட்டுமன்று, தடுப்பதற்கும் உதவும் என்பது இதனால் பெறப்படும்.

2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆம் பிரிவின்படி, விளைபொருளுக்குத் தீயிட்டால் ஏழாண்டு வரையிலும், குடியிருக்கும் வீட்டுக்குத் தீயிட்டால் ஆயுட்காலம் வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. போலீஸ் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் செய்தவர் இலவசமாகப் பெறலாம்.

தீ கண்டால் உடனே 101 அல்லது 112 எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். உள்ளே புகையும் போரைத் தாமே பிரிக்கலாகாது. காற்றுப் புகுந்தவுடன் அது குபீரென்று பற்றும். போர்களை வீட்டுக்கு எட்டவும் ஒன்றுக்கொன்று இடைவிட்டும் அமைத்து, அருகில் நீர்த்தொட்டி வைப்பது நலம். இவற்றோடு ஊருக்கொரு குறிப்பேடும் இருக்குமாயின், அடுத்த கோடையில் எங்கே கண்காணிக்கவேண்டும் என்பது இந்தக் கோடையிலேயே தெரிந்துவிடும். ஆகவே குடியானவர்கள் வரும் அறுவடையிலிருந்தே இதனைத் தொடங்குவார்களாக.