கொழுப்பு மட்டும் சற்றுக் கூடுதல்

1840 அக்டோபர். கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை. கடலாமைக் கறி சாப்பிட்ட 28 பேருக்கு உடனே குமட்டல் கண்டது. அடுத்து நினைவு தப்பியது. விடிவதற்குள் 18 பேர் இறந்தார்கள். கறியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, வழக்கத்தைவிடக் கொழுப்பு மட்டும் சற்றுக் கூடுதல் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். இலங்கையில் பிரிட்டிஷ் அரசின் செயலராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் 1861-இல் வெளிவந்த தன் நூலில் இதை எழுதி வைத்தார்.

2024 மார்ச். சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவுக் கூட்டம். செவ்வாய்க்கிழமை ஆமைக்கறி சாப்பிட்டவர்களில் எட்டுக் குழந்தைகளும் ஒரு பெண்ணும் இறந்தார்கள். அந்தப் பெண், இறந்த குழந்தைகளில் ஒன்றின் தாய். 78 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே பெம்பாவில் 2021 நவம்பரில் ஆமைக்கறி தின்று ஏழு பேர் இறந்திருந்தார்கள். ஊருக்கு விஷயம் தெரியாமல் இல்லை.

இரண்டு தேதிகளுக்கும் இடையே 183 ஆண்டுகளுக்கு மேல். இந்த நோய்க்கு மருத்துவத்தில் கெலோனிடாக்சிசம் என்று பெயர். கடலாமை உணவால் வரும் நச்சு நோய் என்று பொருள். பெயர் கிடைத்ததே தவிர, மாற்று மருந்து கிடைக்கவில்லை.

மன்னார் வளைகுடாவில் ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் கறிக்குப் பேர்போனது பேராமை. அதன் ரத்தம் மூலத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் நல்லது என்று நம்பி, அறுக்கும் இடத்திலேயே சூடு ஆறுமுன் குடிக்கும் பழக்கமும் இங்கே இருந்தது. குடித்த ரத்தம் வயிற்றில் வேறு எந்தப் புரதத்தையும் போலத்தான் செரிக்கிறது. மூலத்தைத் தேடிப் போய் ஆற்றும் வழி எதுவும் அதற்கு இல்லை. ஆமையின் குடலில் வாழும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள், வேகவைக்காத ரத்தத்தில் கலந்தால் அப்படியே உள்ளே போகும்.

அழுங்காமை விஷயம் வேறு. கிளியின் அலகு போன்ற மூக்கு. முதுகோட்டுத் தகடுகள் கூரை ஓடுபோல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். வளர்ந்த ஆமை 45 முதல் 70 கிலோ வரை இருக்கும். அது மேய்வது பார்களில். முத்துச் சிப்பி படிந்த அதே வகைப் பாறைத் தளங்களில். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பார்கள் அங்கேயேதான் இருக்கின்றன.

அதன் முக்கிய உணவு கடற்பஞ்சு. கரீபியன் கடலில் பிடிபட்ட அழுங்காமைகளின் வயிற்றை ஆராய்ந்த ஆன் மெய்லான் 1988-இல் வெளியிட்ட கணக்குப்படி, உணவில் சுமார் 95 விழுக்காடு கடற்பஞ்சு. பல கடற்பஞ்சுகளின் உடல் முழுக்க சிலிக்கா ஊசிகள், அதாவது கண்ணாடித் துகள்கள். ஓட முடியாத உயிரினம் என்பதால் எதிரியை விரட்ட நஞ்சும் சேர்த்து வைத்திருக்கும். ஆமைக்கு அந்த ஊசியும் ஒன்றும் செய்வதில்லை, நஞ்சும் ஒன்றும் செய்வதில்லை. நஞ்சு ஆமையின் தசையிலும் கொழுப்பிலும் ஈரலிலும் தங்கிவிடுவதாகக் கருதப்படுகிறது. மடகாஸ்கரில் மனிதரைக் கொன்ற ஒரு பேராமையின் கறியில் லிங்பியாடாக்சின் என்ற நஞ்சு கிடைத்தது. அது கடலில் வளரும் ஒரு நீலப்பச்சைப்பாசி உண்டாக்குவது. பேராமை பாசியும் கடற்புல்லும் தின்னும் ஆமை. ஆகவே 'அழுங்காமை இல்லை, பேராமைதான்' என்ற உத்தரவாதமும் செல்லாது.

நஞ்சு ஆமை மேய்ந்த இடத்திலிருந்து வருகிறது. இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒரு பாரில் மேய்ந்த ஆமை கெடுதல் செய்யாது. அடுத்த பாரில் மேய்ந்தது கொல்லும். மேய்ச்சல் இடம் மாறினால் கணக்கும் மாறும். 'முப்பது வருஷமாகத் தின்கிறோம், ஒன்றும் ஆனதில்லை' என்பது உண்மையாகவே இருக்கலாம். அது தின்று முடித்த ஆமைகளைப் பற்றிய தகவல்.

வளைகுடாவின் பார்களும் மாறி வருகின்றன. 2016 கோடையில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்பில், உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 ஆகக் குறைந்திருந்தது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவில், பவளத்தின் மேல் படர்ந்து அதைக் கொல்லும் டெர்பியோஸ் என்ற கறுப்புக் கடற்பஞ்சு பதிவாகியிருக்கிறது.

கறியைப் பார்த்தோ முகர்ந்தோ நஞ்சைக் கண்டறிய முடியாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. பழைய சோதனை ஒன்று உண்டு. ஈரலைக் காக்கைக்குப் போடுவார்கள். காக்கை தொடாவிட்டால் ஆமையை எறிந்துவிடுவார்கள். இலங்கை விலங்கியலாளர் தெரணியகல 1939-இல் இதைக் குறித்திருக்கிறார். இந்தச் சோதனையில் காக்கைக்கு மூக்கு நன்றாக வேலை செய்ய வேண்டும். 2024 இறுதியில் பிலிப்பைன்ஸின் மகிந்தனாவோ பகுதியில் ஆமைக்கறி உண்டு மூவர் இறந்தார்கள், 32 பேராவது மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தக் கறியைத் தின்ற நாய், பூனை, கோழிகளும் செத்தன. அவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றிருக்கும்.

நோய் தொடங்கச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம். முதலில் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. பிறகு உதடும் நாக்கும் தொண்டையும் எரியும். எச்சில் விழுங்க முடியாது. நாக்கில் வெள்ளை படிந்து, அதன் மேல் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் எழும். அடுத்தது தூக்கம். எழுப்பினால் விழித்து மறுபடி தூங்குவார்கள். கடைசியில் எழுப்ப முடியாது.

2010 அக்டோபரில் மைக்ரோனேசியாவின் முரிலோ தீவில் ஓர் அழுங்காமையை அறுத்து ஊரே பகிர்ந்து உண்டது. ஆறு பேர் இறந்தார்கள், அவர்களில் நால்வர் குழந்தைகள். மேலும் 95 பேர் நோயுற்றார்கள். தின்ற அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது. வயது குறையக் குறையவும் கூடியது. ஐம்பது கிலோ ஆமையை எந்த வீடும் தனியாகத் தின்னாது. பங்கு தெரு முழுக்கப் போகும், நல்ல துண்டு பிள்ளைக்குப் போகும். கறியே தின்னாத கைக்குழந்தைகளும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். தாய்ப்பால் வழியாக.

இந்தியாவில் இது புதிதல்ல. கேரளத்தில் ஆமைக்கறி நச்சுக்கு ஆளான 130 பேரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 1962-இல் வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் சைலாஸும் பாஸ்டியன் பெர்னாண்டோவும் ஆமை நச்சைப் பற்றித் தனிக் கட்டுரையே 1984-இல் எழுதினார்கள்.

கடலாமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ஆமையைக் கொன்றாலும் விற்றாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 25,000 ரூபாய். சந்தையில் வெளிப்படையாக விற்றபோது முழு ஆமையைப் பார்த்தாவது வாங்கினார்கள். ஒளித்து விற்கும்போது ஓடு முதலில் கடலுக்குப் போகிறது, கறி துண்டாகப் பையில் வருகிறது. அழுங்காமையா பேராமையா என்று வாங்குபவருக்குச் சொல்லியிருக்கக்கூடியது அந்த ஓடு.

நஞ்சு ஏறியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்பார். ஆமை என்று சொன்னால் வழக்கு. மீன் என்று சொன்னால் சாதாரண வாந்தி பேதிக்கு உண்டான குளுக்கோஸ் பாட்டில் ஏறும், மறுநாள் வீட்டுக்கு அனுப்பப்படலாம். அதே சட்டியில் தின்ற மற்றவர்களை யாரும் தேட மாட்டார்கள். தாய் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவும் ஆள் இருக்காது. நோயை உறுதி செய்யப் பயன்படுவது சட்டியில் மிஞ்சிய கறி. குற்றத்தை உறுதி செய்வதும் அதுவே. ஆள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வீட்டில் முதலில் கழுவப்படுவது அந்தச் சட்டி.