காதில் வைத்த மொட்டு

காதிலே பூச்சுற்றுவது என்றொரு தொடர் நம்மவர் வழக்கில் உண்டு. ஏமாற்றுவது என்பது அதன் பொருள். சென்ற ஆண்டு திருகோணமலை நகரத்துக் கடையொன்றில் என் காதிலே பூவுக்குப் பதிலாக ஒரு மொட்டை வைத்தார்கள். இயர்பட் என்று அதற்குப் பெயர். ‘பட்’ என்றால் மொட்டுத்தானே! “வயரே இல்லை சேர், நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கலாம்” என்றான் கடைப்பையன். வாத்தியார் தொழிலில் நாள் முழுக்கப் பிறர் கூச்சலைக் கேட்டவன் நான். ஆகவே மயங்கினேன்; வாங்கினேன்.

இலங்கைக்கு வானொலி முறைப்படி வந்தது 1925 டிசம்பர் 16இல். ‘கம்பியில்லாதது’ என்று அக்காலத்தில் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் பளிங்குக்கல் வானொலியில் கேட்க விரும்பியவன் தன் தலையில் காதொலிக்கருவியை மாட்டி, அதன் கம்பியைப் பெட்டியோடு பிணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கருவியை வெறுங் கிண்ணத்துக்குள் வைத்து, அதிலிருந்து எழும் மெல்லொலியை வீட்டார் சூழ்ந்திருந்து கேட்ட கதைகள் பல நாடுகளில் உண்டு. 1979இல் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டபோது, அதன் முதற் கருவியில் இருவர் கேட்க இரண்டு துளைகளை அமைத்தது. பாட்டைத் தாழ்த்தி, அருகிலிருப்பவரோடு பேசுவதற்கு ஒரு பொத்தானையும் வைத்தது. தனியே கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்ற அச்சம் அதைச் செய்தவர்களுக்கே இருந்தது. 2016இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் வந்த பின், இரு காதுகளுக்கும் இடையிலிருந்த கம்பியும் இல்லாத இந்த மொட்டுகள் உலகெங்கும் பரவின. கம்பி போயிற்று, அதனுடன் அந்த அச்சமும் போயிற்று.

நிற்க. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டில் நானும், எண்பத்திரண்டு வயதான என் தாயாரும் வசிக்கிறோம். ஒருநாள் மாலை விறாந்தையிலிருந்து, இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு, ஒலிநீக்கத்தையும் இயக்கி, நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மின்விசிறியின் இரைச்சல் இல்லை, வீதியில் ஓடும் ஆட்டோவின் ஓசை இல்லை, உலகமே இல்லை. கச்சேரி முடிந்து மொட்டைக் கழற்றியபோது, வீட்டின் பின்புறத்திலிருந்து மெலிந்த குரலொன்று வந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கி, எழமுடியாமல் அம்மா அமர்ந்திருந்தார். “எத்தனை தரம் கூப்பிட்டன் தம்பி, உனக்கும் காது அடைச்சுப் போச்சுதா?” என்று கேட்டார். அவருக்குச் சில ஆண்டுகளாகவே காது மந்தம். எலும்பு முறியவில்லை, பத்து நாளில் நடந்தார். ஆனால் அந்த ‘உனக்கும்’ என்ற சொல் என்னைவிட்டுப் போகவில்லை.

அதன்பிறகே நான் இந்தக் கருவியைப் படிக்கத் தொடங்கினேன். வாங்குமுன் செய்திருக்க வேண்டிய காரியம்!

ஒலிநீக்கம் என்பது மாயமன்று. வெளியிலிருந்து வரும் ஒலியலையை ஒரு சிறு ஒலிவாங்கி பற்றி, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டு அழிக்கிறது. பால் லூயக் என்ற ஜெர்மானியர் 1936இலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத் தந்தைக்குப் பிறந்த அமர் போஸ், 1978இல் விமானப் பயணமொன்றின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் வருந்தி, இதைக் காதொலிக்கருவிக்குக் கொண்டுவர முனைந்தார். இயந்திர இரைச்சல் போன்ற நீடித்த தாழ்ந்த ஒலியையே இது நன்றாக அடக்கும். மனிதக் குரலை மறைப்பது பெரும்பாலும் காதை இறுக அடைக்கும் ரப்பர் முனையும், நாம் உயர்த்தி வைக்கும் பாட்டுமே. அம்மாவின் குரலை மறைத்த குற்றத்தில் எனக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆயினும் ஒலிநீக்கத்தைப் பழிப்பது நியாயமன்று. கொழும்புக்குச் செல்லும் பஸ்ஸிலே இரைச்சலை வெல்ல நாம் பாட்டை உயர்த்துகிறோம். அங்கே இரைச்சல் அடங்கினால் குறைந்த ஒலியே போதும், காதும் பிழைக்கும். 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிவிடும்: 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி. இந்தக் கணக்கை மாணவர்கள் தம் பாடப்புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது. தொலைபேசியின் ஒலியளவை 60 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதிருப்பது எளிய வழி. உட்காதில் அழிந்த மயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, ‘எவ்வளவு நன்றாக உலகை அடைக்கும்?’ என்பதன்று, ‘வேண்டும்போது எவ்வளவு எளிதாகத் திறக்கும்?’ என்பதே. வெளியொலியை ஒலிவாங்கி வழியே உள்ளே விடும் முறை பல கருவிகளில் இருக்கிறது. ஒரு தட்டில் அது இயங்குகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். ஒற்றை மொட்டுத் தனித்து இயங்குமா என்றும் பாருங்கள். வீதியில் நடப்பவருக்கும், வீட்டில் முதியோரை வைத்திருப்பவருக்கும் ஒரு காது எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பொருத்தம். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் முனைகள் தருவார்கள். வலக்காதும் இடக்காதும் ஒரே அளவாயிருக்க வேண்டுமென்பதில்லை. பொருந்தாத முனையில் தாழ்ந்த சுரங்கள் கசிந்துபோகும். நாமோ கருவியைக் குறைகூறி ஒலியை உயர்த்துவோம்.

மூன்றாவது, நீர். ஐ.பி.எக்ஸ் 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்து நன்னீரில் அரைமணி தாங்கும். இரண்டுமே கடல்நீருக்குத் தந்த வாக்குறுதி அல்ல. உப்புக் காற்றும் வியர்வையும் கலந்த எங்கள் ஊரில், மொட்டைப் பெட்டிக்குள் வைக்குமுன் உலர்ந்த துணியால் துடையாவிட்டால், மின்னேற்றும் ஊசிமுனைகள் கறுத்துவிடும். வெயிலில் வைத்தாலோ மின்கலம் விரைவில் மூப்படையும். அந்தக் கலத்தை மாற்றுவதும் அரிது. ஆதலால் மிகுந்த விலை கொடுப்பதற்குமுன் யோசியுங்கள்.

2024 செப்டெம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், குறிப்பிட்ட ஒருவகை மொட்டை, மிதமான கேட்டற்குறை உடைய பெரியவர்கள் கேட்டற்கருவியாகவும் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. காதை அடைக்க வந்த பொருள் காதைத் திறக்கவும் கற்றுக்கொண்டது. ஆனால் என்னுடையது அந்த வகையன்று. அம்மாவைக் காதுவைத்தியரிடமே அழைத்துச் சென்றேன்.

இப்போது மாலையில் விறாந்தையில் நாங்கள் இருவரும் அமர்கிறோம். ஒரு மொட்டு என் காதில். மற்றது அம்மாவின் காதில். அவருடைய காதுக்கு மிகச் சிறிய முனையே பொருந்தியது. நேற்றுப் பழைய பாட்டொன்று பாதியில் ஓடிக்கொண்டிருக்கையில், அம்மா தம் மொட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதைப் போட்டால் நீ பேசுறது கேட்கேல்லை.”

நானும் கழற்றினேன்.