சேற்றில் புதைந்த டிராக்டர்: சக்கரத்தில் கட்டை கட்டாதீர்கள்

சேற்றுழவு நேரத்தில் டிராக்டர் வயலில் புதைவது புதிதல்ல. தூர்ந்துபோன பழைய வாய்க்கால் இருந்த இடத்தில் பின்சக்கரம் இறங்கிவிட்டால், சிலர் உடனே ஒரு மரக்கட்டையைத் தேடுவார்கள். அதைச் சக்கரத்தின் குறுக்கே வைத்துச் சங்கிலியால் பிணைத்து, முதல் கியரில் கிளட்சை விடுவார்கள். பல நேரம் வண்டி ஏறிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் போகவில்லை. ஏறாத நேரத்தில் முன்சக்கரங்கள் மேலே எழும்பி, டிராக்டர் மல்லாந்து ஓட்டுநர் மீதே விழும்.

காரணம் எளிது. இன்ஜின் பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றும்போது, அதே அளவு சுழல்விசை டிராக்டரின் உடலைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். வழக்கமாகச் சக்கரம் உருண்டுவிடுவதாலும், முன்பக்க எடை அழுத்திப் பிடிப்பதாலும் இது நமக்குத் தெரிவதில்லை. கட்டை சக்கரத்தைப் பூட்டிவிட்டால், சுழல வேண்டிய சக்கரம் நிற்கும். பின் அச்சை மையமாகக் கொண்டு உடல் சுழலும். குறைந்த கியரில் இன்ஜினின் சுழல்விசை நூறு மடங்குக்கும் மேல் பெருகி அச்சுக்கு வருகிறது. மீள முடியாத நிலைக்குப் போக ஒரு நொடிகூடத் தேவையில்லை. கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓட்டுநரின் அனுபவம் இங்கே உதவாது.

சங்கிலியை எங்கே மாட்டுகிறோம் என்பதும் இதே கணக்குதான். 2,000 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரில் முன்சக்கரங்கள் 700 கிலோ சுமப்பதாகவும், இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் உள்ள டிராபாரில் 1,000 கிலோ இழுவிசை வந்தால், முன்பக்கச் சுமை 500 கிலோவாகக் குறையும். அதே சங்கிலியை 90 செ.மீ. உயரத்தில், டாப் லிங்க் பொருத்தும் இடத்தில் மாட்டினால் 250 கிலோதான் மிஞ்சும். ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. மேட்டில் ஏறும்போது ஒரு வெட்டு இழுப்பு போதும், கவிழ்ந்துவிடும். வெட்டிய மரத்தை இழுப்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

புதைந்தால் முதலில் இன்ஜினை நிறுத்தி, சக்கரத்தின் பின்பக்கச் சேற்றை மண்வெட்டியால் வழித்துவிட்டு, ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். ரிவர்ஸில் எதிர்விசை முன்பக்கத்தைத் தரையோடு அழுத்தும் என்பதால் மல்லாக்கும் பயம் குறைவு. வரவில்லையென்றால் இன்னொரு டிராக்டரை அழையுங்கள். இழுக்கும் வண்டியில் சங்கிலி டிராபாரில் மட்டுமே இருக்க வேண்டும். சங்கிலி அறுந்தால் சாட்டைபோல் அடிக்கும். அருகில் ஆள் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும்தான்.

புது டிராக்டர் வாங்குவோர், இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பு இரும்பு வளைவைக் கேட்டு வாங்குங்கள். ஸ்வீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் இருக்க இது இடம் தரும். சீட் பெல்ட் போட்டிருந்தால்தான் அந்த இடத்துக்குள் அவர் இருப்பார். தோப்பில் தாழ்ந்த கிளைகளுக்காக வளைவை மடக்கியவர்கள், வயலுக்கு வரும்போது மறக்காமல் நிமிர்த்திப் பூட்ட வேண்டும்.