எறிவதற்கு இடமில்லாத ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறென்று சொல்லத்தக்க ஒன்றில்லை. மாரியிலே மாத்திரம் ஓடிக் கோடையிலே வறண்டுபோகும் வழுக்கையாற்றைக் கழித்துவிட்டால், குடிக்கும் நீரும் தோட்டத்துக்கு இறைக்கும் நீரும் மழையாய் விழுந்து, மெல்லிய மண்படையினூடாக இறங்கி, அதன் கீழே வெடிப்பும் பொந்துமாய்க் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லிலே தங்கி, கிணற்றின் வழியே மனிதர் கைக்கு மீளுகின்றது. ஆகவே இங்கே ஒருவர் நிலத்திலே கொட்டுவது எதுவாயினும், காலம் தாழ்த்தியேனும், அவருடைய கிணற்றுக்கோ அயலவர் கிணற்றுக்கோ வந்து சேர்வது இயல்பு.

சுழற்சிப் பொருளாதாரம் என்று வர்த்தக உலகம் இன்று பேசிக்கொள்ளும் விஷயம் இத்தகைய நிலத்திலே இலகுவில் விளங்கும். பூமியிலிருந்து எடுத்து, பண்டமாக்கி, பாவித்து, பின்னர் குப்பையிலே எறிந்துவிடும் முறைக்கு மாறாக, ஒரு தொழிலின் கழிவே வேறொரு தொழிலுக்கு மூலப்பொருளாகுமாறு உற்பத்தியை ஒழுங்கு செய்வதே அதன் தாற்பரியம். 1966ஆம் ஆண்டிலே கெனத் போல்டிங் என்ற பொருளியல் அறிஞர், பூமியை ஒரு விண்கப்பலாகக் கொண்டு நமது கணக்குகளைத் திருத்த வேண்டுமென்று எழுதினார். டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரிலே, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் மிகைவாயுவைச் சுவர்ப்பலகை செய்யும் அயல் தொழிற்சாலை எரிபொருளாகக் கொள்ளத் தொடங்கியது 1972இலே; பின்னர் மின்நிலையத்தின் நீராவியும், அதன் புகையைச் சுத்தம் செய்கையிலே கிடைக்கும் ஜிப்சமும் அவ்வாறே கைமாறலாயின. அங்கே தர்ம சிந்தையினால் நடந்ததைவிட, கொடுப்பவருக்கும் கொள்பவருக்கும் இலாபமிருந்தமையால் நடந்ததே அதிகம் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

கழிவு கைமாறும் அத்தகைய ஒழுங்கு இங்கே பனையிலே முன்னமே இருந்தது. அதன் பிரயோஜனங்கள் எண்ணூற்றொன்று என்று ‘தால விலாசம்’ என்னும் நூல் கணக்கிட்டதாகச் சொல்வர். எண்ணிக்கை எவ்வாறாயினும், என் கருத்திலே முக்கியமானது அப்பிரயோஜனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடரும் கிரமமே. வெட்டிய ஓலை வெயிலிலே காய்ந்து, மிதிபட்டுத் தட்டையாகி, கூரைக்கோ வேலிக்கோ போகும். சில வருஷங்களிலே அது இற்றுப்போக, புதிதாய் வேயும்போது கழிக்கப்பட்ட பழைய ஓலையைத் தோட்டத்திலே கிடங்கு வெட்டித் தாழ்ப்பார்கள். இளம் ஓலை கடகமும் பெட்டியும் பாயும், மா அவிக்கும் நீற்றுப்பெட்டியுமாகிப் பழுதான பின் அடுப்புக்கு வரும். பழத்தைப் பிசைந்து களியை எடுத்துப் பாயிலே ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. எஞ்சிய கொட்டையைப் பாத்தியிலே அடுக்கி மண்ணால் மூடிவைத்தால் சில மாதங்களிலே கிழங்கு. கிழங்கைப் பச்சையாய்க் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கிழங்கு கிண்டிய பின் பாத்தியிலே கிடைக்கும் வெற்றுக் கொட்டையாகிய ஊமலும் வீணாவதில்லை, எரிந்து கரியாகிப் பயன்படும். ஒவ்வொரு கட்டத்திலும் கழிவை ஏற்றுக்கொள்ள ஒரு கை காத்திருந்தது.

அந்தக் கைகள் யாருடையவை என்பதையும் சொல்லாது விடுவது நேர்மையாகாது. இக்கிரமத்தை மெச்சி எழுதுவோர், உயிரைப் பணயம் வைத்துக் கள் இறக்க நாளுக்கு இருமுறை மரமேறியவர்களை ஊரும் சாதியும் எவ்வாறு நடத்தின என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மலிவான உழைப்பின்மீது நின்ற சுழற்சி அது. 1970களிலே சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகி, 1978இலே பனை அபிவிருத்திச் சபையும் நிறுவப்பட்ட பிறகே, கள்ளும் பனங்கட்டியும் வடிசாலைச் சாராயமும் தொழிலாளியின் வருமானமாகக் கருதப்படலாயின. இன்று மரம் இருந்தும் ஏறுவதற்கு ஆளில்லை என்று முறையிடுவோர் இந்தச் சரித்திரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கிரமம் குலைந்தமைக்குக் காரணம் ஒன்றல்ல. 1970களிலே இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் வெங்காயமும் மிளகாயும் பொன் விலை விற்றன; யூரியா மூட்டை, பழைய ஓலையையும் பூவரசங்குழையையும் மாட்டெருவையும் பின்தள்ளிற்று. 1980களில் நடந்த ஆய்வுகளிலேயே தோட்டப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பசளை மாத்திரமன்று, கிணற்றுக்கு அணித்தாய் அமைந்த மலகூடக் குழிகளும் அதற்கு உடந்தை. மறுபுறத்திலே, 1950 முதல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, நீரைத் தாங்கும் அதே சுண்ணாம்புக் கல்லைக் கிண்டியெடுத்து நாட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. 1990இலே யுத்தத்தினால் அது நின்றபோது கிடங்குகள் மிஞ்சின.

அந்த யுத்தமே விசித்திரமான ஒரு பரீட்சையையும் நடத்திற்று. 1990 முதலான பொருளாதாரத் தடையிலே எரிபொருளும் சீமெந்தும் மின்கலமும் பசளையும் வரவில்லை. ஜாம் போத்தலிலே ‘சிக்கன விளக்கு’ எரிந்தது. சைக்கிள் டைனமோவின் மின்சாரத்திலே வானொலி பாடிற்று. சிறு துளி பெற்றோலினால் உயிர்ப்பிக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயிலே ஓடிற்று. எதையும் எறியாத வாழ்க்கைக்கு இதனிலும் சிறந்த உதாரணம் கிடையாது. ஆனால் அதைக் கொண்டாட எனக்கு மனமில்லை. நிர்ப்பந்தத்தினால் வந்த சிக்கனம், 2002இலே ஏ-9 பாதை திறந்ததும் பிளாஸ்ரிக்கும் பொலித்தீனும் லொறிகளிலே வந்திறங்க, வந்த வழியே போய்விட்டது. அதற்கிடையே பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் வெட்டுண்ட பனைகள் இலட்சக்கணக்கானவை.

சட்டத்தினால் பிறப்பிக்கப்பட்ட சுழற்சிக்கும் அதே கதிதான். 2021ஆம் ஆண்டிலே அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து, நாடெங்கும் விளைச்சல் வீழ, நவம்பரிலே அத்தடையைக் கைவிட்டது. யாழ்ப்பாணத்து விவசாயி அந்நாட்களில் குழைக்கு எங்கே போவார்? பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாய் நின்று, ஆட்டுக்குத் தீனியும் தோட்டத்துக்குக் குழையும் தந்த வேலிகளின் இடத்திலே இப்போது மதிலும் தகரமும் நிற்கின்றன. உரம் விளைந்த இடத்தை முன்னமே அழித்துவிட்டு, ஒரு வர்த்தமானி அறிவித்தலினால் அதனை வரவழைக்க நினைத்தது விவேகமன்று.

கழிவுக்கு விலை வைக்கும் வேலையை இறுதியிலே நீதிமன்றம் செய்ய நேர்ந்தது. சுன்னாகத்து மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய் மிதக்கக் கண்டு மக்கள் கிளர்ந்தெழுந்ததன் பின்னர், அங்கே மின் உற்பத்தி செய்த நொதேண் பவர் கம்பனிக்கு எதிரான அடிப்படை உரிமை வழக்கிலே உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பு வழங்கிற்று. புத்தளத்துச் சீமெந்துச் சூளை தொழிற்சாலைக் கழிவுகளை எரிபொருளாய் ஏற்கும் நாடு இது. எனினும் சுன்னாகத்திலே எண்ணெய் போன இடம் நிலத்தடி நீர். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டுமென்ற கோட்பாட்டின்படி அக்கம்பனி இரண்டு கோடி ரூபா கட்ட வேண்டுமென்றும், பாதிக்கப்பட்ட கிணறுகளைச் சுத்தம் செய்வதற்கும் நட்டத்தை ஈடுசெய்வதற்குமாக 500 பேருக்கு மேற்படாமல், ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா வீதம் அது பகிரப்பட வேண்டுமென்றும் மன்று கட்டளையிட்டது. ஒரு குடும்பம் தலைமுறையாய்க் குடித்த கிணற்றுக்கு அது போதிய தொகையா என்பது வேறு விஷயம்; இந்நிலத்திலே தொழில் தொடங்க வருபவர், அந்தத் தொகையை வழக்கின் முடிவிலே அன்றி, முதலீட்டுக் கணக்கின் முதற் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.