தைவான்: சேர்வதா, பிரிவதா என்று யாரைக் கேட்பது?

தைவான் ஆட்சியில் உள்ள கின்மென் தீவு, சீனாவின் சியாமென் நகரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தைபேக்குப் போக விமானம் ஏற வேண்டும். சியாமெனுக்குப் படகில் அரை மணி நேரம் போதும். கின்மெனை ஒட்டி தாதான் என்றொரு குட்டித் தீவு. அங்கே சீனாவைப் பார்த்தபடி ராட்சத எழுத்துகளில் ஒரு வாசகம் நிற்கிறது. மக்களின் மூன்று கொள்கைகளைக் கொண்டு சீனாவை ஒன்றுபடுத்துவோம் என்பது அதன் சாரம். எதிர்க்கரையில் சியாமென் வைத்த வாசகம், ஒரு நாடு இரு அமைப்பு என்ற வழியில் சீனாவை ஒன்றுபடுத்துவோம் என்கிறது. பரம எதிரிகள் இருவர் எழுதியவை இவை. ஆனாலும் கேட்டது இருவரும் ஒன்றைத்தான்: ஒரே சீனா. யார் தலைமையில் என்பதில்தான் சண்டை.

இந்த இரண்டும் வேண்டாம் என்று மூன்றாவதாக ஒரு பதில் சொல்ல நெடுங்காலம் தைவானில் எவருக்கும் உரிமை இல்லை. 1895இல் சீனப் பேரரசு தீவை ஜப்பானுக்குக் கொடுத்தபோது அங்கு வாழ்ந்தவர்களைக் கேட்கவில்லை. 1945இல் அது சியாங் கை ஷேக்கின் சீனக் குடியரசின் கைக்கு வந்தபோதும் கேட்கவில்லை. இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கு வாழும் பூர்வகுடிகளை யாருமே கேட்டதில்லை. 1947 பிப்ரவரியில், தைபே தெருவில் கள்ளச் சிகரெட் விற்ற ஒரு விதவையை அதிகாரிகள் அடித்தார்கள். ஊர் கொதித்தெழுந்தது. கப்பலில் வந்திறங்கிய படைகள் அதை அடக்கிய விதத்தில் மாண்டவர்கள் 18,000 முதல் 28,000 பேர் வரை என்று பிற்காலத்து அரசு அறிக்கையே மதிப்பிட்டது. பல குடும்பங்களில் பிள்ளைகளுக்குக்கூட இதைச் சொல்லாமலே பெரியவர்கள் வாழ்ந்து முடித்தார்கள்.

சீனக் கம்யூனிஸ்ட் தலைவர் மாவோவிடம் தோற்ற சியாங்கின் அரசும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களும் அகதிகளும் 1949இல் தைவானுக்கு வந்து சேர்ந்தார்கள். சீக்கிரமே சீனப் பெருநிலத்தை மீட்போம் என்றார் சியாங். ராணுவச் சட்டம் 38 ஆண்டுகள் நீடித்தது. பள்ளியில் வீட்டு மொழி பேசிய பிள்ளைகளுக்கு அபராதம் போட்டார்கள், கழுத்தில் அட்டையும் மாட்டினார்கள். 1964இல் பேராசிரியர் பெங் மிங்-மின் தம் மாணவர்கள் இருவரோடு ஓர் அறிக்கையை அச்சடித்தார். பெருநிலத்தை மீட்பது நடக்காத காரியம், தைவான் தனி, சீனா தனி என்பதே நடைமுறை உண்மை என்றது அது. ஒரு பிரதிகூட வெளியே போகுமுன் மூவரும் கைதானார்கள். பிரிவினை பேசியவரைச் சிறைக்கு அனுப்பியது பெய்ஜிங் அல்ல, தைபே. இன்றைய செய்திகளை மட்டும் படிக்கிறவர்களுக்கு இது விளங்காமல் போகிறது.

அந்தக் காலத்தின் முழு பாரத்தையும் சுமந்தது கின்மென்தான். 1958 ஆகஸ்ட் 23இல் சீனா தொடங்கிய குண்டுவீச்சு 44 நாள் நீடித்தது. விழுந்த குண்டுகள் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம். அதன் பிறகு, கேட்டால் நம்ப முடியாத ஓர் ஏற்பாடு வந்தது. ஒற்றைப்படைத் தேதிகளில் சீனா சுடும், இரட்டைப்படைத் தேதிகளில் சுடாது. போகப் போகக் குண்டுக்குள் வெடிமருந்துக்குப் பதில் பிரசுரத் தாள்களே வந்தன. அமெரிக்கா பெய்ஜிங்கை அங்கீகரித்த 1979 ஜனவரி 1 அன்றுதான் அது நின்றது. தீவில் கூடைப்பந்துக்குக்கூடக் கட்டுப்பாடு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எவராவது அக்கரைக்கு நீந்திவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது. 1979இல் லின் யிஃபு என்ற இளம் அதிகாரி உண்மையிலேயே நீந்திப் போனார். பின்னாளில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார வல்லுநர் ஆனார்.

விழுந்த குண்டுகளின் எஃகைக் கின்மென் கொல்லர்கள் வீணாக்கவில்லை. கூட்டைத் துண்டு துண்டாக வெட்டி, உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்துத் தட்டி, சாணை பிடித்து, சமையல் கத்தி ஆக்குகிறார்கள். ஒரு குண்டுக்கு அறுபது கத்தி தேறும் என்பது அவர்கள் கணக்கு. 2001இல் நேரடிப் படகு விடப்பட்ட பிறகு, சுட்ட ஊரிலிருந்தே சுற்றுலாப் பயணிகள் வந்து அவற்றை வாங்கிப் போனார்கள். 2018 முதல் கடலடிக் குழாய் வழியாகச் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து தீவுக்குத் தண்ணீரும் வருகிறது.

மாற்றத்தின் முதல் விரிசல் எங்கே விழுந்தது என்று கேட்டால், 1949இல் வந்திறங்கி, 1987இல் தெருவுக்கு வந்த கிழட்டுச் சிப்பாய்களைத்தான் நான் காட்டுவேன். ஊர் நினைவாய் இருக்கிறது என்று சட்டையில் எழுதிக்கொண்டு நின்றார்கள். பெருநிலத்தை மீட்கும் வரை பொறுத்திருக்க அவர்களிடம் ஆயுள் மிச்சமில்லை. தாய் உயிரோடு இருக்கிறாளா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றார்கள். அந்த ஆண்டு ஜூலையில் சியாங்கின் மகன் சியாங் சிங்-குவோ ராணுவச் சட்டத்தை நீக்கினார். நவம்பரில் ஊர் போய்வர அனுமதி கிடைத்தது. போனவர்களில் பலருக்குத் தாயின் சமாதிதான் காணக் கிடைத்தது.

1988 டிசம்பரில் பத்திரிகையாளர் செங் நான்-ஜுங், தைவான் குடியரசுக்கான அரசியல் சட்ட வரைவைத் தம் இதழில் வெளியிட்டார். தேசத்துரோக வழக்கு வந்தது. காவல் துறை பிடிக்க வந்த 1989 ஏப்ரல் 7 அன்று, அலுவலகத்துக்குள்ளேயே தீக்குளித்து இறந்தார். விடுதலை வேண்டும் என்று பேசினாலே சிறை என்ற சட்டம் 1992இல் திருத்தப்பட்டது. 1996இல் மக்கள் முதல்முறையாகத் தங்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் கெடுக்கச் சீனா தீவை ஒட்டிய கடலில் ஏவுகணைகளை வீசியது. எவரை வீழ்த்த வீசியதோ அந்த லீ டெங்-ஹுய் 54 சதவீத வாக்குகளோடு வென்றார். தீவில் இன்றும் வாக்கு எண்ணுவதைப் பார்த்தால் ஒரு பூரிப்பு வரும். வாக்குச்சாவடியிலேயே ஒவ்வொரு சீட்டாக எடுத்து உயர்த்திக் காட்டி, பெயரை உரக்கச் சொல்லி, சுவரில் ஒட்டிய தாளில் கோடு போடுகிறார்கள். அந்தத் தெருவாசி எவரும் நின்று பார்க்கலாம்.

1992 முதல் தேசிய செங்சி பல்கலைக்கழகம் தீவு மக்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறது. தொடக்கத்தில் தம்மைத் தைவானியர் மட்டுமே என்றவர்கள் நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை. சீனர் மட்டுமே என்றவர்கள் 25 பேர். இன்று முதல் பதிலைச் சொல்வோர் 60க்கு மேல், இரண்டாவது பதிலைச் சொல்வோர் சில பேர்தான். ஆனால் உடனே தனிநாடு அறிவிக்க வேண்டும் என்போரும் உடனே இணைய வேண்டும் என்போரும் சிறுபான்மையே. பெரும்பாலோர் இப்போதிருப்பது இப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். இதைத் தயக்கம் என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. தனிநாடு அறிவித்தால் படை வரலாம் என்று 2005ஆம் ஆண்டின் சீனச் சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. இணைந்தால் என்ன ஆகும் என்பதை 2020க்குப் பிந்தைய ஹாங்காங்கில் பார்த்தாயிற்று. கழுத்தில் கத்தி இருக்கும்போது சொல்லும் பதிலை முழு விருப்பம் என்று எவரும் எடுத்துக்கொள்ள முடியாது.

பழைய எதிரிகளின் இடமும் மாறிவிட்டது. சியாங்கின் குவோமின்டாங் கட்சிதான் இன்று பெய்ஜிங்கோடு பேச வேண்டும் என்கிறது. 2015இல் அக்கட்சியைச் சேர்ந்த அப்போதைய தைவான் அதிபர் மா யிங்-ஜியு சிங்கப்பூரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கின் கையைக் குலுக்கினார். எந்தச் சீனக் குடியரசின் கொடியை ஒழிக்க மாவோ குண்டு வீசினாரோ, அதே கொடியைத் தைவான் இறக்கிவிடக் கூடாது என்று இன்று பெய்ஜிங் மிரட்டுகிறது. ஒரு காலத்தில் தனிநாடு கேட்ட ஜனநாயக முற்போக்குக் கட்சியோ, நாங்கள் ஏற்கெனவே இறையாண்மை உள்ள நாடுதான், தனியாக அறிவிக்கத் தேவையில்லை என்கிறது.

இணைப்பை விரும்புவோர் எல்லோரையும் துரோகி என்று தள்ளுவதும் அநியாயம். கின்மென் ஒருபோதும் ஜப்பானுக்குக் கொடுக்கப்பட்ட பகுதி அல்ல. காகிதத்தில் இன்றும் ஃபூஜியன் மாகாணத்தைச் சேர்ந்தது. தைவான் தனிநாடானால் நாங்கள் யார் என்று அங்குள்ளவர் கேட்டால், தைபேயில் இருப்பவரிடம் சட்டென்று பதில் இல்லை. உறவு, வியாபாரம், குடிக்கும் தண்ணீர் எல்லாம் எதிர்க்கரையோடு. அதே கடலில் 2024 பிப்ரவரியில் சீனப் படகொன்று கவிழ்ந்து இருவர் இறந்தபின், சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் தீவைச் சுற்றி வருவது வாடிக்கையாகிவிட்டது.

2024 ஜனவரி முதல் தைவான் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை நான்கு மாதத்திலிருந்து ஓராண்டாக நீண்டிருக்கிறது. 1949இல் சீனாவின் கிராமங்களிலிருந்து துப்பாக்கி முனையில் இழுத்து வரப்பட்ட பையன்கள் பலருக்கு எங்கே போகிறோம் என்பதே தெரியாது. இந்தத் தலைமுறைக்கு 20 வயதில் வாக்குச்சீட்டு உண்டு. சேவையை நீட்டித்த ஜனநாயக முற்போக்குக் கட்சியின் லாய் சிங்-டே அந்த மாதமே நடந்த தேர்தலில் 40 சதவீத வாக்கோடு அதிபர் ஆனார். நாடாளுமன்றப் பெரும்பான்மையை அதே வாக்காளர்கள் அவர் கட்சியிடமிருந்து பறித்துவிட்டார்கள்.