யந்திரத்துக்குக் கட்டளையிடுவோர் யார்?

ஆகாய விமானம் நம் நாட்டிலேயே செய்யப்படுகிறதென்று கேட்டமாத்திரத்தில் நம்மவர் பூரிப்படைகின்றனர். வால்சந்த் ஹிராசந்த் 1940-ஆம் வருஷத்தில் மைசூர் ஸமஸ்தானத்தின் உதவியுடன் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையை ஸ்தாபித்த வரலாற்றை அறிந்தவர் பூரிப்படையாமலிருக்க முடியாதுதான். ஆயினும், அவ்விமானத்தின் உறுப்புகளைக் குடைந்தெடுக்கும் யந்திரத்துக்குக் கட்டளை எழுதும் மனிதரைப்பற்றி நமது தேசபக்தர்கள் விசாரித்ததாகக் காணோம்.

சி.என்.சி. புரோகிராமர் என்பது அவர் பெயர். முற்காலத்துப் பட்டறையில் கம்மியர் கைப்பிடிச் சக்கரத்தைத் திருப்பி உளியை நடத்தினார். இன்று அவ்வுளி எண்ணாலும் எழுத்தாலும் நடத்தப்படுகிறது. ஜி 01 என்றால் நேர்கோட்டில் செல். ஜி 02 என்றால் வலஞ்சுழியாக வளைந்து செல். இம்முறை விமானத் தொழிலிலேயே பிறந்தது. ஜான் பார்ஸன்ஸ் என்னும் அமெரிக்கர் ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைக் கணக்கிடப் புகுந்ததிலிருந்து இவ்வெண்ணம் தோன்றிற்று. அந்நாட்டு விமானப்படை பொருளுதவி செய்ய, 1952-இல் மஸாசூஸெட்ஸ் கலாசாலையில் துளையிட்ட காகித நாடாவால் ஓர் யந்திரத்தை ஓட்டிக் காட்டினர்.

கணினியே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறதே, மனிதருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கின்றனர். அவர்கள் ஒருமுறை தொழிற்சாலைக்குள் சென்று பார்ப்பது நலம். விமான உறுப்புகளிற் பல, கனமான அலுமினியப் பாளத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சீவலாக்கி எறிந்தபின் எஞ்சுவன. உலோகத்தின் உள்ளே அடங்கிக்கிடக்கும் விசை, சீவச் சீவ வெளிப்படும். பிடியைத் தளர்த்தியதும் மெல்லிய சுவர் வளைந்துவிடும். ஆதலின் எப்பக்கத்தை முதலிற் சீவுவது, எவ்வளவு மிச்சம் வைப்பது, எப்பொழுது புரட்டிப்போடுவது என்பதை அநுபவமே சொல்லவேண்டும். டைட்டானியமோ உஷ்ணத்தை எளிதிற் கடத்தாது. அதில் பெரும்பகுதி உளியின் முனையிலேயே தங்கும். பல யந்திரங்களில் எண்ணுக்குப்பின் ஒரு புள்ளியை விட்டுவிட்டால் பத்து மில்லிமீட்டர் பத்து மைக்ரானாகிவிடும். தலைமயிரின் கனத்துக்கும் குறைந்த பிசகால் விலையுயர்ந்த பாளம் பாழாகும். இத்தகைய பொறுப்பைத் தாங்குவோரை வெறும் 'ஆபரேட்டர்' வரிசையில் நிறுத்திக் கூலி பேசும் முதலாளிகளும் நம்மிடையே உண்டு.

இனி, ஸ்வதந்திர விஷயம். நம் தொழிற்சாலைகளில் உயர்ந்தரக யந்திரங்களின் மூளையான கண்ட்ரோல் பெரும்பாலும் ஜப்பானிய, ஜெர்மானியச் சரக்கு. சில யந்திரங்களை வேறிடத்துக்கு நகர்த்தினால் அவை தாமே பூட்டிக்கொள்ளும். விற்றவர் அனுமதித்தாலன்றித் திறவா. பணங்கொடுத்து வாங்கிய மாட்டை, விற்றவன் உத்தரவின்றி வேறு தொழுவத்தில் கட்டக்கூடாது என்பதுபோலிருக்கிறது இந்தச் சட்டம்! வல்லரசுகள் இவ்விஷயத்தில் எவ்வளவு விழிப்புடனிருக்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம்: தோஷிபாவின் கிளை ஸ்தாபனமொன்று நீர்மூழ்கிக் கப்பல்களின் சுழல்விசிறியைச் செதுக்கவல்ல யந்திரங்களை ஸோவியத் ருஷியாவுக்கு விற்றது 1987-இல் வெளிப்பட்டபொழுது, அமெரிக்கச் சட்டசபை அங்கத்தினர் சிலர் தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் உடைத்துத் தம் கோபத்தைத் தணித்துக்கொண்டனர்.

நமக்கும் பாடம் கிடைக்காமலில்லை. 1998-இல் அணுகுண்டுச் சோதனைக்குப்பின் அமெரிக்கா தேஜஸ் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு வேலையில் தன் உதவியை நிறுத்திக்கொண்டது. நம்மவர் பெங்களூரிலேயே அவ்வேலையை முடித்து, 2001 ஜனவரி 4-இல் விமானத்தைப் பறக்கவிட்டனர்.

அந்நிய விமானக் கம்பெனிகளுக்கு உறுப்பு செய்துகொடுக்குமிடத்தில், முதல் உறுப்பு பரீக்ஷையில் தேறியபின் வாங்குவோர் சம்மதமின்றிச் செய்முறையை மாற்றலாகாதென்பது சாதாரண நிபந்தனை. ஆகாயத்தில் பறக்கும் உயிர்களை உத்தேசித்தால் இதைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அம்முதல் உறுப்புக்குரிய செய்முறையை வகுப்பது யார்? வரைபடம் மட்டும் வந்து, மற்றவற்றை நம் இளைஞரே யோசித்து எழுதினால் வித்தை இங்கே வேரூன்றும். செய்முறையும் அங்கிருந்தே வந்தால் நமக்குக் கூலி மட்டுமே மிஞ்சும்.

2018-இல் தமிழ்நாட்டில் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகிய ஊர்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் மண்டலம் அறிவிக்கப்பட்டது. அங்கே நிலமும் சலுகையும் வேண்டி வரும் கம்பெனிகளிடம் எத்தனை பேருக்கு வேலை தருவீர்கள் என்று கேட்பதோடு ஸர்க்கார் நின்றுவிடலாகாது. செய்முறையை எழுதும் அறை எவ்வூரில் இருக்கும், அதில் நம்மவர் எத்தனை பேர் உட்காருவர் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவேண்டும்.